கப்பலேறிய வினைச்சொல்

வேலையை விட்டுப் போகிறவர்கள் கடைசி நாளில் லிங்க்டுஇன்னில் போடும் பதிவு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மேஜைமேல் கிடக்கும் ஒரு படம், மேலதிகாரிக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் நன்றி, அப்புறம் அந்த வாக்கியம்: ‘ஐ ஆம் எம்பார்க்கிங் ஆன் எ நியூ ஜர்னி’. கல்யாணம் நிச்சயமானவர்களும் இதையேதான் போடுகிறார்கள். பணி ஓய்வு பெற்றவர், மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறவர் என்று யாரும் அதை விட்டுவைப்பதில்லை. வாடகை வீட்டை மாற்றியவர்கூட ஸ்டேட்டஸில் வைக்கிறார்.

வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைத் தட்டும்போது எத்தனை பேருடைய கண்ணில் ஒரு படகு தெரிகிறது என்பதுதான் சந்தேகம். எம்பார்க் என்ற சொல்லுக்குள் ஒரு படகைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

இ, எம், பி, ஏ, ஆர், கே என்ற ஆறு எழுத்துகள். முதலில் வரும் ‘எம்’ என்பதற்கு ‘உள்ளே’ என்று பொருள். மிச்சமிருக்கும் ‘பார்க்’ தான் படகு. தமிழில் எழுதும்போது இது காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் பூங்காவைப்போலத் தெரியும், அது வேறு. நாய் குரைப்பதற்கும் மரத்தின் பட்டைக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான். ஆனால் அவையும் இதற்கு உறவில்லை. இது பிரெஞ்சு மொழியின் ‘பார்க்’, அதாவது மரக்கலம். படகுக்குள் ஏறுவது அவர்களுக்கு ‘எம்பார்க்கே’. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டது. சரக்குப் படகைக் குறிக்கும் ‘பார்ஜ்’ இதற்குச் சொந்தக்காரச் சொல்லாக இருக்கலாம். அகராதியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ‘எம்பார்கோ’, அதாவது வர்த்தகத் தடை, பார்க்க உடன்பிறப்புபோல இருந்தாலும் அடுத்த வீட்டுக்காரர்தான். அது வழியில் குறுக்கே போடும் கட்டையிலிருந்து வந்த சொல். ஒன்று கப்பலில் ஏற்றுகிறது, மற்றொன்று கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கிறது!

பிரெஞ்சுக்காரர்களின் படகு, பிற்கால லத்தீனின் ‘பார்க்கா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் போனால் கிரேக்கத்தில் ‘பாரிஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஊர் அல்ல, நைல் நதியில் ஓடிய எகிப்தியச் சரக்குப் படகு. இந்த இரண்டையும் இணைப்பது அறிஞர்களின் கணிப்புதான் என்றாலும், அந்தப் படகுக்கென்றே ஒரு கதை உண்டு. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அதை எப்படிக் கட்டினார்கள் என்று எழுதிவைத்தார். முள்மரத்துப் பலகைகளைச் செங்கல் அடுக்குவதுபோல அடுக்கினார்களாம். சுக்கான் தண்டு படகின் அடிமரத்தில் போட்ட துளை வழியாக இறங்குமாம். அப்படி ஒரு படகு கிடைக்காததால் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் தலையைச் சொறிந்தார்கள். பிறகு அலெக்சாண்ட்ரியாவுக்குப் பக்கத்தில் அபு கிர் விரிகுடாவில், கடலுக்குள் மூழ்கிய தோனிஸ்-ஹெராக்லியான் நகரத்தின் துறைமுகத்தில், நிறைய கப்பல்கள் புதைந்து கிடப்பது தெரிந்தது. அவற்றில் 17ஆம் எண் கொடுக்கப்பட்ட கப்பல் ஹெரோடோட்டஸ் சொன்ன அமைப்போடு பெரிதும் ஒத்துப்போனது. அதைப் பற்றிய ஆய்வு நூல் 2019இல் வெளியானது. மனிதர் புளுகவில்லை.

ஒரு காரியத்தைத் தொடங்குவதைச் சொல்ல ஆங்கிலேயர்களுக்குப் படகு எதற்கு? அவர்கள் இருப்பது தீவு. ஐரோப்பாவின் வேறெந்த மூலைக்குப் போவதென்றாலும் முதலில் தண்ணீரைத் தாண்ட வேண்டும். கடலுக்கடியில் ரயில் ஓடும் சுரங்கமே 1994இல்தான் திறந்தது. வண்டியில் ஏறிப் போகிறவர் பாதி வழியில் மனம் மாறினால் இறங்கித் திரும்பி நடக்கலாம். கப்பலில் ஏறியவருக்கு அந்த வசதி கிடையாது. காற்று வேறொருவர் கையில், சுக்கான் இன்னொருவர் கையில். கரை சேரும்வரை அவர் பயணி மட்டுமே. அதனால்தான் சுலபத்தில் பின்வாங்க முடியாத, எங்கே கொண்டுபோய் விடும் என்று முழுதாகத் தெரியாத பெரிய காரியங்களுக்கு இந்தச் சொல் பொருந்திப்போனது.

தமிழிலும் கப்பலேறுவது சாதாரண விஷயமாக இருந்ததில்லை. நம் பேச்சு வழக்கில் கப்பலேறுவது மானம். ‘மானம் கப்பலேறிப் போச்சு’ என்றால் அது இனி கைக்குத் திரும்பி வராது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் கப்பலேறுவது ஆசை, திட்டம், புது வேலை. போனது போனதுதான் என்பது மட்டும் இரண்டு மொழிக்கும் பொது.

ஆரம்பத்தில் எம்பார்க்குக்குப் படகைத் தவிர வேறு சிந்தனை இல்லை. ஆள் ஏறினாலும் எம்பார்க், மூட்டை முடிச்சுகளை ஏற்றினாலும் எம்பார்க். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் லேயர்டிஸ் என்ற இளைஞன் பிரான்ஸுக்குப் புறப்படுகிறான். தன் சாமான்கள் கப்பலேறிவிட்டன என்று தங்கையிடம் சொல்லும் இடத்தில் ஷேக்ஸ்பியர் இந்த வினையைத்தான் போட்டார். கப்பல் காத்துக்கொண்டிருக்கிறது, காற்றும் சாதகமாக இருக்கிறது, அப்போது பார்த்து அப்பா பொலோனியஸ் வந்து சேருகிறார். ‘இன்னும் இங்கேயா நிற்கிறாய்’ என்று மகனை விரட்டிவிட்டு, அவரே அவனை நிறுத்திவைத்து அறிவுரை மேல் அறிவுரையாக அடுக்குகிறார். கடன் கொடுக்காதே, கடன் வாங்காதே, சட்டைத் துணி தரமாக இருக்கட்டும் ஆனால் பகட்டு வேண்டாம்... ரயில் நடைமேடையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எந்த அப்பாவும் அவரைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார்.

இன்று விமானத்துக்கும் இதே சொல் செல்லும். வெளிநாடு போகும்போது பெயர், பாஸ்போர்ட் எண் என்று விமான நிலையத்தில் நின்றுகொண்டே ஓர் அட்டையை நிரப்பியது பலருக்கு நினைவிருக்கும். பேனா யாரிடம் இருக்கிறது என்று வரிசை முழுக்கக் கேட்கவைத்த அட்டை. இந்திய விமான நிலையங்களில் இந்தியப் பயணிகளுக்கு அது 2017 ஜூலை 1 முதல் நின்றுபோனது. அந்த மாதிரி அட்டைகளுக்கு உலகம் முழுக்க வழங்கிய பெயர்களில் ஒன்று ‘எம்பார்க்கேஷன் கார்டு’. இறங்கும் ஊரில் கொடுப்பது ‘டிஸ்எம்பார்க்கேஷன் கார்டு’. பறக்கும் வாகனத்துக்கும் படகின் பெயர்தான் ஒட்டியது.

பஸ்ஸுக்கு மட்டும் ஒட்டவில்லை. ‘ஐ எம்பார்க்டு ஃப்ரம் மதுரை பை பஸ்’ என்று எழுதினால் படிக்கிறவர் புருவத்தை உயர்த்துவார். அங்கே ‘லெஃப்ட்’ போதும், ‘செட் ஆஃப்’ போதும். சின்ன வேலைக்கும் இது ஆகாது. துணி காயப்போடுவதற்கு யாராவது எம்பார்க் ஆனால் அது கேலி. வீட்டையே இடித்துக் கட்டுவதென்றால் தாராளமாக எம்பார்க் ஆகலாம், ஏனென்றால் அதுவும் கரை தெரியாத கடல்தான்.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்து வரும் குட்டிச் சொல்லில். காரியத்தைத் தொடங்கினால் ‘ஆன்’ வேண்டும். ‘எம்பார்க்டு எ நியூ கரியர்’ என்பது தவறு, ‘எம்பார்க்டு ஆன் எ நியூ கரியர்’ என்பதே சரி. கொஞ்சம் கம்பீரமாகச் சொல்ல விரும்புகிறவர்கள் ‘அப்பான்’ போடுவார்கள். உண்மையிலேயே கப்பலேறி ஓர் ஊருக்குப் போகிறவருக்கு ‘ஃபார்’. ‘எம்பார்க்டு ஃபார் கொழும்பு’ என்றால் கொழும்பு இனிமேல்தான் வரப்போகிறது.

இந்த ‘ஃபார்’ சாதாரணமானதல்ல. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு புகழ்பெற்ற ஓவியத்தைப் பற்றிய வாக்குவாதமே இந்த இடத்தில்தான். ஓவியர் ஆந்த்வான் வாத்தோ. பிரெஞ்சு அரச ஓவியக் கழகம் 1712இல் அவரை ஏற்றுக்கொண்டு, வழக்கப்படி ஓர் ஓவியம் வரைந்து தரச் சொன்னது. மனிதர் ஐந்து வருஷம் இழுத்தடித்து 1717இல்தான் கொடுத்தார். காதல் தெய்வமான வீனஸுக்கு உரிய தீவு சிதெரா. படத்தில் ஜோடி ஜோடியாக ஆண்களும் பெண்களும், ஓரத்தில் ஒரு படகு, அதைச் சுற்றி இறக்கை முளைத்த குழந்தைகள். ‘சிதெராவுக்குக் கப்பலேறுதல்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. காதல் தீவுக்குப் போகப்போகிறார்கள் என்று இருநூறு வருஷத்துக்கு மேல் எல்லாரும் பார்த்து மகிழ்ந்தார்கள்.

1961இல் மைக்கேல் லீவி என்ற ஆங்கிலேயக் கலை வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். படத்தின் வலப்பக்கம் பாருங்கள், வீனஸ் சிலைக்கு ஏற்கெனவே பூமாலை சாத்தியிருக்கிறது, அப்படியானால் இவர்கள் நிற்பதே சிதெரா தீவில்தான், பொழுது சாய்ந்துவிட்டது, இவர்கள் திரும்பிப் போகப் படகேறுகிறார்கள் என்பது அவர் வாதம். அதற்குப் பிறகு படத்தைப் பார்க்கிறவர்களின் கண், நடுவில் நிற்கும் ஒரு பெண்ணிடம் போய் நிற்கும். துணைவர் இடுப்பில் கை கொடுத்து அழைத்துப் போக, அவள் தலையைத் திருப்பி, இன்னும் எழுந்திருக்காத ஜோடிகளைப் பார்க்கிறாள். போகிறவள் முகம் என்றால் அதில் ஆவல் தெரியும், திரும்புகிறவள் முகம் என்றால் ஏக்கம். லீவி சொன்னதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை, சர்ச்சை இன்னும் ஓயவில்லை. எம்பார்க் என்ற சொல்லும் இதில் உதவாது. படகில் ஏறியாயிற்று என்பது வரைக்கும்தான் அது சொல்லும்.

‘ஆன்’, ‘அப்பான்’ பக்கம் வந்தால் அங்கே நிற்பது ஒரு ராணுவத் தளபதி. 1944 ஜூன் மாதம், இரண்டாம் உலகப் போர். ஹிட்லரின் படைகள் பிடித்துவைத்திருந்த பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் இறங்குவதற்காக, இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுகங்களில் நேச நாட்டு வீரர்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். தலைமைத் தளபதி டுவைட் ஐசனோவர், பின்னாளில் அமெரிக்காவின் அதிபர். தாக்குதலில் ஈடுபடும் சுமார் 1,75,000 பேருக்கும் அவர் ஒரு பக்கத்தில் அச்சடித்த செய்தியைக் கொடுத்தார். தரைப்படை, கடற்படை, விமானப்படை வீரர்களை விளித்து, அவர்கள் ஒரு மகத்தான போரில் இறங்கப்போகிறார்கள் என்று தொடங்கும் அந்தச் செய்தியின் முதல் வாக்கியத்தில் இருந்த வினை ‘எம்பார்க் அப்பான்’.

சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்த அபூர்வமான சமயம் அது. அவர்கள் பெரிய காரியத்தைத் தொடங்கவும் செய்தார்கள், நிஜமாகவே படகிலும் இருந்தார்கள். ஐசனோவர் முதலில் குறித்த நாள் ஜூன் 5. வானிலை மோசமானதால் ஒரு நாள் தள்ளிப்போட்டார். அதற்குள் சில கப்பல் வரிசைகள் கடலுக்குள் போயிருந்தன, அவற்றைத் திருப்பி அழைக்க வேண்டியிருந்தது. அலையில் ஆடிக்கொண்டு, வயிற்றைப் புரட்டிக்கொண்டு, எப்போது கிளம்புவோம் என்று தெரியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலுக்குள்ளேயே கிடந்தார்கள். வானிலைக் குழுவின் தலைவர் ஜேம்ஸ் ஸ்டாக், நடுவில் கொஞ்ச நேரம் காற்று தணியும் என்று சொன்னார். அந்தச் சின்ன இடைவெளியை நம்பி, போர்ட்ஸ்மத் நகருக்குப் பக்கத்தில் சவுத்விக் ஹவுஸ் என்ற மாளிகையில் 5ஆம் தேதி விடியற்காலை ஐசனோவர் போகலாம் என்றார்.

அன்றைக்கே அவர் இன்னொரு தாளை எடுத்து, பென்சிலால் நாலு வாக்கியம் எழுதினார். இது யாருக்கும் கொடுக்க அல்ல. இறங்கும் முயற்சி தோற்றுவிட்டால் வெளியிட வேண்டிய அறிக்கை. நார்மண்டியில் காலூன்ற முடியவில்லை, படைகள் திரும்பிவிட்டன, வீரர்கள் துணிச்சலிலும் கடமையிலும் குறை வைக்கவில்லை, இந்த முயற்சியில் பழி ஏதாவது இருந்தால் அது தன் ஒருவனுடையது என்பது அதன் சாரம்.

மொழியில் அக்கறை உள்ளவர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டியது அதில் உள்ள அடித்தல் திருத்தல்களை. ‘படைகள் திரும்பப் பெறப்பட்டுள்ளன’ என்கிற மாதிரி முதலில் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, ‘படைகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன்’ என்று மாற்றினார். ‘இந்த நடவடிக்கை’ என்று எழுதியதை அடித்து, ‘தாக்குவது என்ற என் முடிவு’ என்று போட்டார். பள்ளிக்கூடத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று மதிப்பெண்ணுக்காக மாற்றி மாற்றி எழுதுவோமே, அதேதான். பெறப்பட்டது, முடிவெடுக்கப்பட்டது, வருந்தப்படுகிறது என்று எழுதினால் செய்தவர் யார் என்பது காணாமல் போய்விடும். அரசாங்கக் கடிதங்களுக்கு அந்த நடை மிகவும் பிடிக்கும். ஐசனோவர் ‘நான்’ என்று தன்னைத் தேடிப் பிடித்து உள்ளே போட்டார்.

அந்தத் தாளை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் நியூபரி பக்கம் போய், அன்றிரவு விமானத்திலிருந்து குதிக்கவிருந்த 101ஆவது வான்படைப் பிரிவு இளைஞர்களிடம் எந்த ஊர், என்ன விவசாயம் என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் மனம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி: ஜூன் 5 என்று போட வேண்டியவர் ஜூலை 5 என்று தேதி போட்டிருக்கிறார். படைகள் கரையில் காலூன்றிவிட்டதால் தாளுக்கு வேலை வரவில்லை. சில வாரம் கழித்துப் பணப்பையில் தட்டுப்பட, தூக்கிப் போடவிருந்ததை உதவியாளர் ஹாரி புட்சர் வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது கான்சாஸ் மாநிலம் அபிலீனில் ஐசனோவர் நூலகத்தில் இருக்கிறது.

லிங்க்டுஇன் வாக்கியத்தில் இன்னும் ஒரு சொல் பாக்கி. ‘ஜர்னி’. பிரெஞ்சில் ‘ஜூர்’ என்றால் நாள். ஒரு நாளில் போகக்கூடிய தூரம்தான் ஜர்னி. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் சத்திரத்தில் போய்ப் படுப்பது. ஆக, புதிய ஜர்னிக்கு எம்பார்க் ஆகிறவர், வேரைப் பார்த்தால், ஒரு நாள் நடைக்காகக் கப்பலேறுகிறார். இதற்காக யாரும் பதிவை அழிக்க வேண்டியதில்லை. சொற்கள் பிறந்த வீட்டை மறந்துதான் வாழ்கின்றன. போய்ச் சேருவதைச் சொல்லும் ‘அரைவ்’ கூட லத்தீனில் கரையைக் குறிக்கும் ‘ரீப்பா’விலிருந்து வந்தது. கரை தொடுவது என்பதே அதன் முதல் பொருள். இன்றைக்கு அமேசான் பார்சல் அரைவ் ஆகிறது.

பதிவின் கீழே நண்பர்கள் போடும் பதில்களில் ஒருவராவது ‘பான் வோயாஜ்’ என்று எழுதியிருப்பார். கடற்பயணத்தைக் குறிக்கும் அந்த ‘வோயாஜ்’ லத்தீனில் ‘வியாட்டிகம்’. ‘வியா’ என்றால் வழி. வழிக்கென்று கொடுத்தனுப்பும் பணம், சாப்பாடு, துணிமணி எல்லாம் வியாட்டிகம். கத்தோலிக்கத் திருச்சபையில் மரணப் படுக்கையில் இருப்பவருக்குக் கடைசியாகக் கொடுக்கும் நற்கருணைக்கும் அதுதான் பெயர். பழைய தமிழில் இதற்கு ஆற்றுணா என்று ஒரு சொல் உண்டு: ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. வீடுகளில் சொல்வது கட்டுச்சோறு. புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வாழையிலையில் மடித்து, ‘ரயிலில் கண்டதை வாங்கித் தின்னாதே’ என்று சொல்லிப் பையில் வைக்கும் அம்மாவுக்கு, தான் கொடுத்தனுப்புவது வோயாஜ் என்று தெரியாது.